மில்லி வினாடியில் சிதையும் வெடிமருந்து: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் நான். வெடிபொருள் வேகமாகச் சூடேறும்போது அதிலிருந்து எந்த வாயு எப்போது வருகிறது என்பதை நிறை நிறமாலைமானியால் (மூலக்கூறுகளை நிறையைக் கொண்டு அடையாளம் காணும் கருவி) பார்க்கும் ஆய்வைப் பற்றி வகுப்பில் ஒருமுறை பேசினால் போதும், அடுத்த வாரம் முழுக்கக் கேள்விகள்தான். மாணவர்கள் கேட்பார்கள், அவர்களுடைய அப்பாக்கள் கேட்பார்கள், குவாரியில் வேலை செய்யும் மாமாக்கள் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

நம் மாவட்டத்துக்கும் இந்த ஆய்வுக்கும் என்ன சம்பந்தம்?

பர்கூர், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பாதிப் பேர் குவாரி வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள். அது ஒன்று. இன்னொன்றைச் சொல்லவே மனம் கனக்கிறது. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தது. அதில் இறந்தவர்களில் பலர் தீபாவளி விற்பனைக்காக வேலைக்குப் போன தர்மபுரி மாவட்டத்து இளைஞர்கள். ஒரு பொருள் எந்த வெப்பநிலையில், எவ்வளவு வேகத்தில், எதை வெளியேற்றிக்கொண்டு சிதைகிறது என்ற கேள்வி இங்கே வெறும் பாடப்புத்தகக் கேள்வி அல்ல.

வெடிபொருள், உந்துபொருள் எல்லாவற்றையும் சேர்த்து ‘ஆற்றல்மிகு பொருள்’ என்கிறார்களே, மிக அதிக ஆற்றல் உள்ள பொருள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒரு கிராம் டிஎன்டி வெடிக்கும்போது வெளிவருவது ஏறத்தாழ 4.2 கிலோஜூல். ஒரு கிராம் காய்ந்த விறகு எரிந்தால் சுமார் 16 கிலோஜூல் கிடைக்கும். விறகு அதைப் பல நிமிடங்களில் தருகிறது, அதுவும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனைக் கடன் வாங்கிக்கொண்டு. வெடிபொருளில் எரிவதும் எரிக்கும் ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறிலோ ஒரே கலவையிலோ இருக்கின்றன. அதனால் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது அளவைப் பார்த்தல்ல, வேகத்தைப் பார்த்து.

எங்கள் கல்லூரியில் வெப்ப எடைப் பகுப்பாய்வுக் கருவி இருக்கிறது. அதிலேயே சூடாக்கிப் பார்த்தால் போதாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்வேன். இதைத் தவறாகப் புரிந்துகொண்ட கட்டுரைகள் ஏராளம்.

மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே அதன் எடை குறைவதை அளக்கும் அந்தக் கருவியை நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஓட்டுவதுதான் வழக்கம். 30 டிகிரியிலிருந்து 530 டிகிரிக்குப் போக 50 நிமிடம் ஆகும். எரியும் ராக்கெட் உந்துபொருளின் மேற்பரப்பிலோ தீப்பற்றும் வெடிமருந்துத் துகளிலோ அதே 500 டிகிரி ஏற்றம் சில மில்லி வினாடிகளில் முடிந்துவிடும். வினாடிக்கு ஒரு லட்சம் டிகிரி என்ற வேகத்தில் கணக்கிட்டால் 5 மில்லி வினாடி.

அதே பொருள், அதே கடைசி வெப்பநிலை. அப்படியானால் வேதியியலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். இருக்காது. பெரும்பாலான வெடிபொருட்கள் சிதைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. ஒரு வழிக்குக் கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) குறைவு, இன்னொன்றுக்கு அதிகம். மெல்லச் சூடாக்கினால், குறைந்த கிளர்வு ஆற்றல் உள்ள வழி தாழ்ந்த வெப்பநிலையிலேயே தொடங்கிப் பொருளைத் தின்று தீர்த்துவிடும். வெப்பநிலை மேலே போகும்போது இரண்டாவது வழிக்கு மிச்சம் எதுவும் இருக்காது. சட்டென்று சூடாக்கினால் பொருள் முழுதாகவே உயர்ந்த வெப்பநிலையை எட்டிவிடும். அங்கே இரண்டாவது வழியின் வேகம் முதலாவதை முந்திவிடும். சோளத்தைச் சிறுதீயில் நெடுநேரம் வைத்துப் பாருங்கள், ஈரம் மெல்லப் போய் வறுபட்டுக் கருகுமே தவிரப் பொரியாது. பொரிவதற்குச் சட்டி காய்ந்திருக்க வேண்டும்.

ஆகவே நிமிடத்துக்கு 10 டிகிரியில் வரைந்த வளைகோட்டை வைத்து ‘இதுதான் வெடிப்பின் வினைவழிமுறை’ என்று ஆய்வேட்டில் எழுதாதீர்கள். அதற்காக மெதுவாகச் சூடாக்குவது வீண் என்றும் சொல்லவில்லை. கிடங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பொருள், பக்கத்தில் தீப்பிடித்து மெல்லச் சூடேறும் பெட்டி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு மெதுவான சோதனைதான் சரியானது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ரிச்சர்ட் பெரன்ஸ், எடை இழப்பையும் வெளிவரும் வாயுக்களின் நிறை நிறமாலையையும் ஒரே நேரத்தில் அளக்கும் கருவியால் ஆர்டிஎக்ஸ், எச்எம்எக்ஸ் என்ற இரண்டு ராணுவ வெடிபொருட்களையும் இப்படி நிதானமாகத்தான் ஆராய்ந்தார். கேள்வி எதுவோ, அதற்கேற்ற வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறை நிறமாலைமானி எப்படி வேலை செய்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

இதில் பல வகை உண்டு, இந்த ஆய்வுக்குப் பயன்படும் வகையைச் சொல்கிறேன். வாயு மூலக்கூறின் மீது எலக்ட்ரான்களை மோதவிட்டு அதை அயனியாக்குகிறோம். எல்லா அயனிகளுக்கும் ஒரே மின்னழுத்தத்தில் ஒரே அளவு ஆற்றல் தந்து வெற்றிடக் குழாயில் ஓடவிடுகிறோம். இலேசான அயனி முந்தி வரும், கனமானது பிந்தி வரும். வந்து சேரும் நேரம் நிறையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எந்த நிறையில் எவ்வளவு அயனி வந்தது என்று கோடு கோடாக வரைந்தால் அதுதான் நிறை நிறமாலை. ஒரு மீட்டர் குழாய், 2,000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் நிறை 28 உள்ள அயனி சுமார் 8.5 மைக்ரோ வினாடியில் வரும், நிறை 222 உள்ளது சுமார் 24 மைக்ரோ வினாடியில். மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியல் தெரிந்தவர் இதைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இந்தக் கருவியின் தாத்தா ஜே.ஜே. தாம்சன். நியானுக்கு 20, 22 என்று இரு நிறைகள் இருப்பதை நேர்மின் கதிர்களைக் கொண்டு காட்டியவர் அவர். அவரிடம் வேலை பார்த்த ஆஸ்டன் 1919இல் சொந்தமாக ஒரு கருவி கட்டி, 1922இல் நோபல் பரிசு பெற்றார்.

அது சரி, ஒரு மில்லி வினாடிக்குள் நடப்பதை எப்படிப் படம் பிடிக்கிறார்கள்?

மேலே சொன்ன கணக்கிலேயே விடை இருக்கிறது. ஒரு முழு நிறமாலை சில பத்து மைக்ரோ வினாடிகளில் முடிந்துவிடுவதால் அடுத்ததை உடனே தொடங்கலாம்.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஜக்கரையா குழுவினர் 2009இல் வெளியிட்ட அமைப்பு இது. தலைமுடி அளவுக்கு மெல்லிய பிளாட்டினக் கம்பியில் மாதிரியைப் பூச்சாகப் பூசுகிறார்கள். கம்பியை நிறமாலைமானிக்குள், அயனிகள் உருவாகும் இடத்திலேயே நிறுத்துகிறார்கள். மின்துடிப்பு ஒன்றைப் பாய்ச்சினால் கம்பி வினாடிக்கு ஒரு லட்சம் டிகிரி வேகத்தில் சூடேறும். 100 மைக்ரோ வினாடிக்கு ஒரு நிறமாலை எடுக்கப்படும். 5 மில்லி வினாடிச் சூடேற்றத்தில் 50 நிறமாலைகள்!

எனக்குப் பிடித்த நுணுக்கம் வேறு. இவ்வளவு வேகத்தில் ஏறும் வெப்பநிலையைச் சாதாரண வெப்பமானியால் பின்தொடர முடியாது. அதனால் கம்பியே வெப்பமானியாகிறது. பிளாட்டினத்தின் மின்தடை வெப்பநிலையோடு ஒழுங்காகக் கூடும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பதிவு செய்துகொண்டால் ஒவ்வொரு நிறமாலையும் எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்று கணக்கிடலாம். மாதிரி எந்த வெப்பநிலையில் தீப்பற்றியது, வினை எவ்வளவு நேரம் நீடித்தது என்ற இரண்டுமே இதிலிருந்து வருகின்றன. அந்தக் கட்டுரையில் நைட்ரோசெல்லுலோஸ் (புகையில்லா வெடிமருந்தின் மூலப்பொருள்), ஆர்டிஎக்ஸ் இரண்டும் மில்லி வினாடி அளவில், சில சமயம் அதற்கும் குறைவான நேரத்தில், சிதைந்து முடிந்தன.

ஆர்டிஎக்ஸ் எப்படிச் சிதைகிறது? இவ்வளவு ஆண்டு ஆராய்ந்த பிறகு விடை கிடைத்துவிட்டதா?

முழுத் தீர்ப்பு எழுதப்படவில்லை. ஆனால் வழக்கு சுவையானது.

ஆர்டிஎக்ஸ் ஒரு வளைய மூலக்கூறு. மூன்று கார்பனும் மூன்று நைட்ரஜனும் மாறிமாறி நிற்க, ஒவ்வொரு நைட்ரஜன் மீதும் ஒரு நைட்ரோ தொகுதி உட்கார்ந்திருக்கும். மொத்த நிறை 222. அதில் பலவீனமான பிணைப்பு வளைய நைட்ரஜனுக்கும் நைட்ரோ நைட்ரஜனுக்கும் இடையில் இருப்பது. ஆகவே முதலில் நைட்ரஜன் டைஆக்சைடு கழன்றுவிழும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். 1988இல் ஜாவோ, ஹின்ட்சா, லீ மூவரும் ஒரு மூலக்கூறு கற்றையில் பறக்கும் ஆர்டிஎக்ஸ் மீது அகச்சிவப்பு லேசரைச் செலுத்தி, சிதறிய துண்டுகளை நிறை நிறமாலைமானியால் பிடித்தார்கள். மூன்றாமவர் 1986இல் வேதியியல் நோபல் பெற்ற யுவான் லீ. அவர்களுக்குக் கிடைத்தது நிறை 74 உள்ள துண்டு. மூன்று 74 சேர்ந்தால் 222. வளையம் ஒரே வீச்சில் மூன்றாகப் பிளப்பதுதான் முதன்மை வழி, நைட்ரஜன் டைஆக்சைடு கழல்வது அதோடு போட்டியிடும் வழி என்று அவர்கள் எழுதினார்கள். ஒன்றோடொன்று மோதாமல் தனித்துப் பறக்கும் மூலக்கூறுகளுக்கான முடிவு அது என்பதை மறக்கக் கூடாது.

திரவமாக உருகிக் கொதிக்கும் ஆர்டிஎக்ஸில் நிலைமை வேறு. டெலவேர் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பிரில், பிளாட்டினத் தகட்டில் வினாடிக்கு 2,000 டிகிரி அளவில் சூடேற்றி, வாயுக்களை அகச்சிவப்பு நிறமாலையால் பார்த்தார். அவருடைய படத்தில் இரண்டு கிளைகள் தெரிகின்றன. ஒன்றில் ஃபார்மால்டிஹைடும் நைட்ரஸ் ஆக்சைடும் வரும், அது வெப்பத்தை வெளிவிடும் கிளை. மற்றொன்றில் ஹைட்ரஜன் சயனைடும் நைட்ரஜன் டைஆக்சைடும் வரும், அது வெப்பத்தை உறிஞ்சும் கிளை. வெப்பநிலை ஏற ஏற இரண்டாவதன் கை ஓங்கும். பிறகு முதல் கிளையின் ஃபார்மால்டிஹைடும் இரண்டாவது கிளையின் நைட்ரஜன் டைஆக்சைடும் சந்தித்து வினைபுரிந்து பெரும் வெப்பத்தைக் கொட்டும். எந்தக் கிளை எவ்வளவு என்ற விகிதம்தான் அடுத்து வரும் சூட்டையே தீர்மானிக்கிறது. அதனால்தான் ‘எந்த வாயு முதலில்’ என்று இத்தனை பேர் மல்லுக்கட்டுகிறார்கள்.

நிறை 30 என்று ஒரு கோடு வந்தால் அது நைட்ரிக் ஆக்சைடுதானே?

தேர்வில் இப்படி எழுதினால் பாதி மதிப்பெண் தருவேன். ஃபார்மால்டிஹைடின் நிறையும் 30. நைட்ரஜன் டைஆக்சைடின் நிறை 46 என்றாலும், வழக்கமான 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரான்கள் அதை உடைத்து 30ஆக்கிவிடும். ஆர்டிஎக்ஸ் சிதையாமல் வெறும் ஆவியாகப் போனாலும் கருவிக்குள் உடைந்து 30, 46 இரண்டையும் காட்டும்! உடைப்பது வெப்பமா, கருவியா என்று தெரியாமல் முடிவு சொல்வது அநியாயம். இதற்கு ஒரு துப்பு உண்டு. 102, 120, 128 ஆகிய கோடுகளும் கூடவே இருந்தால் முழு மூலக்கூறு ஆவியாகி வருகிறது என்று பொருள். அவை மறைந்து 30, 46 மட்டும் மிஞ்சினால் சிதைவைப் பற்றிப் பேசலாம்.

28இலும் இதே தொல்லை, நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் அங்கே சேர்ந்து வரும். 44இல் நைட்ரஸ் ஆக்சைடும் கார்பன் டைஆக்சைடும். வெடிபொருள் வேதியியலில் முக்கியமான வாயுக்களே இப்படி ஜோடி ஜோடியாக ஒளிந்துகொள்வது யாருடைய சதியோ தெரியவில்லை.

தப்பிக்க மூன்று வழிகள். முதலாவது, நுண்ணிய நிறை. நைட்ரஜன் மூலக்கூறு 28.0061, கார்பன் மோனாக்சைடு 27.9949. இந்த வித்தியாசத்தைக் காட்ட 2,500 அளவுக்குப் பிரிதிறன் (நிறையை, பிரிக்க வேண்டிய வித்தியாசத்தால் வகுத்தால் வருவது) வேண்டும், 44இல் உள்ள ஜோடிக்கு ஏறக்குறைய 4,000. நீளம் குறைந்த, அயனிகளைத் திருப்பி அனுப்பிப் பாதையை நீட்டும் எதிரொளிப்பான் இல்லாத நேர்க்குழாயில் இது எளிதல்ல. இரண்டாவது, ஐசோடோப்பு. நைட்ரோ தொகுதியில் மட்டும் நைட்ரஜன்-15 வைத்த மாதிரியைச் செய்வித்தால் நைட்ரஜன் கொண்ட கோடு ஓர் அலகு நகரும், மற்றது நகராது. மூன்றாவது, மென்மையான அயனியாக்கம். எலக்ட்ரானுக்குப் பதில் வெற்றிடப் புறஊதா ஒளித்துகளைப் பயன்படுத்தலாம். நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்க 9.26 எலக்ட்ரான் வோல்ட் போதும், ஃபார்மால்டிஹைடுக்கு 10.88 வேண்டும். 10 எலக்ட்ரான் வோல்ட் ஒளியில் 30 என்று ஒரு கோடு தெரிந்தால் அது நைட்ரிக் ஆக்சைடுதான், சந்தேகமில்லை. நைட்ரஜன் டைஆக்சைடும் அந்த ஆற்றலில் துண்டாகாது.

குவாரியில் வெடி வைத்த பிறகு சில நாள் செம்மஞ்சள் நிறத்தில் புகை எழும்புகிறது. அது என்ன, ஆபத்தா?

ஆபத்துதான். அந்த நிறம் நைட்ரஜன் டைஆக்சைடின் நிறம். குவாரிகளில் பயன்படும் வெடிபொருட்கள் பெரும்பாலும் அம்மோனியம் நைட்ரேட்டை அடிப்படையாகக் கொண்டவை. எல்லாம் சரியாக வினைபுரிந்தால் நைட்ரஜன், நீராவி, கார்பன் டைஆக்சைடு ஆகியவைதான் மிஞ்ச வேண்டும். எரிபொருள் விகிதம் தவறியிருந்தாலோ, துளைக்குள் தண்ணீர் புகுந்து மருந்து நமத்திருந்தாலோ வினை பாதியில் நின்றுவிடும். அப்போது நைட்ரிக் ஆக்சைடு உருவாகி, காற்றைத் தொட்டதும் செம்மஞ்சள் புகையாக மாறும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது எழுந்த செந்நிற மேகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வாயுதான்.

இந்தப் புகையில் ஒரு வஞ்சகம் இருக்கிறது. சுவாசித்தவுடன் இலேசான இருமலோடு போய்விட்டதுபோல் தோன்றும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். புகைக்குள் இருந்தவர் ‘இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ‘வெடிப்புகை சுவாசித்தார்’ என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நிறை நிறமாலைமானி இங்கே என்ன சொல்லும் என்றால், அம்மோனியம் நைட்ரேட் சூடாகும்போது எந்த வழியில் போகிறது என்பதைச் சொல்லும். 17, 63 ஆகிய கோடுகள் அது அம்மோனியாவாகவும் நைட்ரிக் அமிலமாகவும் வெறுமனே பிரிவதைக் காட்டும், இது வெப்பத்தை விழுங்கும் வழி. நைட்ரிக் அமிலம் கருவிக்குள் எளிதில் உடைவதால் 63 மங்கலாகவும் 46 பளிச்சென்றும் தெரியும். 44 கூடினால் நைட்ரஸ் ஆக்சைடும் நீரும் தரும், வெப்பத்தை வெளிவிடும் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம்.

பழையபேட்டை விபத்தின்போது ‘வெடித்தது சமையல் எரிவாயு சிலிண்டரா, பட்டாசா’ என்று சர்ச்சை நடந்ததே. இந்தக் கருவியால் அதற்கு விடை சொல்ல முடியுமா?

முடியாது. இது ஒரு பொருள் சிதையும் விதத்தைக் கட்டுப்பாடான சூழலில் பார்க்கும் ஆய்வு. விபத்துக்குப் பிறகு தடயவியல் நிபுணர்கள் செய்வது வேறு வேலை. இடிபாடுகளில் ஒட்டியிருக்கும் எச்சங்களை எடுத்து, பெர்குளோரேட், நைட்ரேட் போன்ற அயனிகளை அயனி நிறப்பகுப்பாலும், கரிமப் பொருட்களை நிறப்பகுப்போடு இணைத்த நிறை நிறமாலைமானியாலும் தேடுவார்கள். கருவியின் குடும்பம் ஒன்றுதான், கேட்கும் கேள்வி வேறு. குறிப்பிட்ட விபத்தைப் பற்றிய முடிவை விசாரித்தவர்களின் அறிக்கையில்தான் தேட வேண்டும். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் தருவது இவ்வளவே.

மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்காகப் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் கருவியும் இதுதானா?

ஒரே குடும்பம். ஏற்றுமதி மாங்கூழில் எச்சம் பார்க்க, பொருளை முதலில் பிரித்தெடுத்து, குறிவைத்த ஒரு மூலக்கூறை மட்டும் மிக நுண்ணிய அளவிலும் கண்டுபிடிக்கும் வகைக் கருவி வேண்டும். அங்கே ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள் கொடுக்கலாம். இங்கே அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

கருவி வெடித்துவிடாதா?

கம்பியில் பூசுவது மைக்ரோகிராம் கணக்கில். கண்ணுக்கு ஒரு கறைபோலத்தான் தெரியும். அந்த அளவில் ‘டப்’ என்ற ஒலிகூடக் கேட்காது, சுற்றிலும் வெற்றிடம் வேறு. ஆபத்து கருவியில் இல்லை, மாதிரி வைத்திருக்கும் அலமாரியில் இருக்கிறது.

அப்படியானால் இது உண்மையான வெடிப்பைக் காட்டுகிறது என்று சொல்லலாமா?

அவ்வளவு தூரம் போகாதீர்கள். வெற்றிடத்தில் சூடாகும் மெல்லிய படலத்திலிருந்து வாயு வெளிவந்தவுடன் பறந்துவிடுகிறது, பக்கத்து மூலக்கூறோடு மோத அதற்கு நேரமில்லை. முதல் கட்ட வினைகளைப் பார்க்க அது வசதி. ஆனால் உண்மையான வெடிப்பலையில் அழுத்தம் சில லட்சம் வளிமண்டலத்தை எட்டும், வினைகள் மைக்ரோ வினாடிக்குள் முடியும். அந்தச் சூழலை எந்தக் கம்பியாலும் உருவாக்க முடியாது. பிளாட்டினமே வினையூக்கியாகக் குறுக்கிட வாய்ப்பும் உண்டு. வேறு உலோகக் கம்பியிலும் செய்து ஒப்பிடாத முடிவை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். இந்தக் கருவி காட்டுவது தீப்பற்றுதலின் முதல் அத்தியாயத்தை. அதற்கு மேல் கணினி மாதிரிகள் வேண்டும், அந்த மாதிரிகளுக்குத் தேவையான வினைவேகங்களை இந்தச் சோதனைகளே தருகின்றன.

நானோ அளவு உலோகக் கலவைகளையும் இதில் பார்ப்பார்களா?

பார்ப்பார்கள். அலுமினியத் தூளும் உலோக ஆக்சைடும் கலந்தவற்றில், ஆக்சைடு முதலில் ஆக்சிஜனை வெளியேற்றி அதனால் தீப்பற்றுகிறதா என்பதுதான் கேள்வி. நிறை 32இல் வரும் கோட்டின் நேரத்தைத் தீப்பற்றிய நேரத்தோடு ஒப்பிட்டால் போதும். காப்பர் ஆக்சைடில் இரண்டும் ஒட்டிவருகின்றன. வேறு சிலவற்றில் ஆக்சிஜன் வருவதற்கு முன்பே தீப்பற்றிவிடுகிறது.

வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ சிறிய அளவில் செய்து பார்க்கலாமா?

கூடாது. 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 1908ஆம் ஆண்டின் வெடிப்பொருட்கள் சட்டம், 2012ஆம் ஆண்டின் அம்மோனியம் நைட்ரேட் விதிகள் ஆகியவை விளையாட்டுக்கு எழுதப்பட்டவை அல்ல. பட்டாசைப் பிரித்து மருந்தைக் கொட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ள பையன்களுக்கும் இதே பதில்தான்.

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் என் மகள் இந்தத் துறைக்குப் போக விரும்புகிறாள். எங்கே போகலாம்?

புனேயில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் உயர் ஆற்றல் பொருட்கள் ஆய்வகம் இருக்கிறது. ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. ராக்கெட் உந்துபொருள் என்றால் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையம். ஆலுவாவில் இஸ்ரோவின் அம்மோனியம் பெர்குளோரேட் ஆலை இயங்குகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே நீலகிரி அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை உண்டு, அங்கே ஆய்வைவிட உற்பத்திதான் முக்கியம். ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நெட் அல்லது கேட் தேர்வு எழுத வேண்டியிருக்கும். பாதுகாப்பு ஆய்வகங்களில் சேரும்போது காவல்துறைச் சரிபார்ப்பும் நடக்கும், அதற்குச் சில வாரங்கள் ஆகலாம்.

பாடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டால், வினைவேகவியலும் நிறமாலையியலும் போக, வெற்றிடத் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். பம்பு எண்ணெய் மாற்றுவது, கசிவு தேடுவது எல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆய்வகத்தில் முதல் ஆறு மாதம் பெரும்பாலும் அந்த வேலைதான் இருக்கும். ஒரே சோதனையில் 50 நிறமாலைகள் குவிவதால் கொஞ்சம் நிரலெழுதவும் தெரிந்திருக்க வேண்டும், பைத்தான் போதும்.